புள்ளின் பெயர் பூண்ட விமானங்கள்

பெயரிடுதல் மனிதனுடைய மிகப் பழைய வழக்கங்களுள் ஒன்று. பிறந்த குழந்தைக்கு மட்டுமன்றி, வளர்க்கும் பசுவுக்கும், கட்டிய வீட்டுக்கும், கடலில் இறக்கிய தோணிக்கும் அவன் பெயரிட்டு மகிழ்கின்றான். தன் கையாற் செய்த பொருள் தன்னை விட்டுப் புறப்பட்டுத் தானாக இயங்கத் தொடங்கும் வேளையில், அதனைப் பெயரின்றி அனுப்பிவைக்க அவனுக்கு மனம் வருவதில்லை.

பால்சா மரத்தின் மெல்லிய கீற்றுகளை ஒட்டி, மெல்லிய தாளைப் போர்த்தி, இறப்பர் நாடாவை முறுக்கி, மாதிரி விமானம் ஒன்றைச் செய்து முடிக்கும் சிறுவனும் இதற்கு விலக்கல்லன். பல நாள் மாலைப்பொழுதுகள் அவ்வேலையிற் கழிந்துவிட்டன. பசை காய்ந்துவிட்டது, சிறகு நேராக இருக்கின்றது, வால் ஒழுங்காகப் பொருந்தியிருக்கின்றது. எஞ்சியிருப்பது ஒன்றே. தூரிகையை எடுத்து அதன் பக்கத்தில் எந்தப் பெயரை எழுதுவது? அவன் மனத்தில் முதலில் எழுவது பெரும்பாலும் ஏதேனும் ஒரு பறவையின் பெயராகவே இருக்கும். கழுகு, வல்லூறு, புறா, நாரை என்று வானத்தை ஆளும் உயிர்கள் வரிசையாக வந்து நிற்கும்.

ஆனால், அப்பெயர்களுட் பல முன்னரே வேறு விமானங்கள் சுமந்து திரிந்த பெயர்கள். ஒவ்வொன்றின் பின்னும் ஒரு மனிதன் நிற்கின்றான். சிலவற்றின் பின் ஒரு கல்லறையும் நிற்கின்றது. ஆகவே, பெயர் எழுதுமுன் அவற்றின் வரலாற்றைச் சற்றே நோக்குதல் பொருத்தமாகும்.

பறக்கும் பொறிக்குப் பறவையின் பெயரை வைப்பது தமிழருக்குப் புதிய செய்தியன்று. திருத்தக்கதேவர் பாடிய சீவக சிந்தாமணியில் மயிற்பொறி ஒன்று வருகின்றது. ஏமாங்கத நாட்டு மன்னன் சச்சந்தன், அமைச்சன் கட்டியங்காரனின் வஞ்சனையாற் சூழப்பட்டபோது, கருவுற்றிருந்த தேவி விசயையை அப்பொறியில் ஏற்றி வான்வழியே அனுப்பிவிட்டுத் தான் போரில் மாண்டான். ஒரு பக்கம் திருகினால் மேலெழவும், மறுபக்கம் திருகினாற் கீழிறங்கவும் வல்லது அப்பொறி என்று காப்பியம் கூறும். அது ஒரு சுடுகாட்டில் இறங்கியது. அங்கே சீவகன் பிறந்தான்.

இது புலவரின் கற்பனை, வரலாறன்று. எனினும் இரண்டு செய்திகளை அதிலிருந்து அறியலாம். பறக்கும் பொறி என்று எண்ணிய உடனே பறவையின் வடிவமும் பெயரும் மனத்தில் எழுந்தன என்பது ஒன்று. அப்பொறி உயிர் காப்பதற்காகவே எழுந்தது என்பது மற்றொன்று. மெய்யான விமானங்களின் வரலாற்றில் முதலாவது செய்தி மாறாமல் தொடர்கின்றது. இரண்டாவது அவ்வாறு தொடரவில்லை.

பிரெஞ்சு மொழியில் விமானத்தைக் குறிக்கும் பொதுச்சொல்லே பறவையிலிருந்து பிறந்தது. அந்த மொழியில் விமானத்தை ‘அவியோன்’ என்பர். இலத்தீன் மொழியில் ‘அவிஸ்’ என்றால் பறவை. அதனை வேராகக் கொண்டு இச்சொல்லை ஆக்கியவர் கிளெமான் அடேர் என்னும் பொறியியலாளர். அவருடைய முதல் விமானம் காற்றுத் தெய்வத்தின் பெயரைத் தாங்கியது. நீராவியால் இயங்கிய அது 1890 ஒக்டோபர் 9ஆம் நாள் நிலத்துக்குச் சற்றே மேலாக ஏறக்குறைய 50 மீற்றர் தூரம் தாவிச் சென்றது. பின்னர் அவர் செய்த பொறிக்கு ‘அவியோன்’ என்றே பெயரிட்டார். அவர் இட்ட பெயர் இன்று ஒரு மொழியினர் அனைவரும் வழங்கும் சொல்லாய் நிலைத்துவிட்டது.

பெரிய விமானம் பறப்பதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே மாதிரி விமானம் பறந்துவிட்டது என்பது பலர் நினைத்துப் பாராத உண்மை. 1804ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ஜோர்ஜ் கெய்லி என்பவர் நிலையான சிறகும் வாலும் உடைய சிறு மாதிரியொன்றைச் செய்து மிதக்கவிட்டார். 1871 ஓகஸ்ட் 18ஆம் நாள், பாரிஸ் நகரின் துயிலரி பூங்காவில், அல்போன்ஸ் பெனோ என்னும் 21 வயது இளைஞர் அறிஞர் கூட்டமொன்றின் முன்னிலையில் தம் மாதிரி விமானத்தைக் கையிலிருந்து விடுவித்தார். அதன் நீளம் அரை மீற்றர் அளவே. முறுக்கிய இறப்பர் நாடா அதன் சுழல்விசிறியைச் சுழற்றியது. 11 விநாடியில் அது 40 மீற்றர் தூரம் நிலைகுலையாமற் பறந்தது. இன்று சிறுவர்கள் முறுக்கிவிடும் இறப்பர் விமானங்கள் யாவும் அதன் வழிவந்தவையே. பெனோ பெரிய விமானம் ஒன்றுக்கும் திட்டம் வகுத்தார். ஆனால், அதற்குப் பொருளுதவி செய்வார் ஒருவரும் இலர். மனமுடைந்த அவர் 1880ஆம் ஆண்டில், 30 வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

அவருடைய சிந்தனை அவரோடு மாளவில்லை. 1878ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் பாதிரியார் ஒருவர் தம் இளைய புதல்வர் இருவருக்கும் விளையாட்டுப் பொருளொன்று வாங்கி வந்தார். தக்கை, மூங்கில், தாள், இறப்பர் ஆகியவற்றால் ஆகிய அது, பெனோ வகுத்த முறையைத் தழுவிச் செய்யப்பட்டது. தந்தையார் கையை விரித்ததும் அது நிலத்தில் விழாது கூரையை நோக்கி எழுந்தது. அதற்கு அறிவியலார் இட்ட நீண்ட பெயரொன்று இருந்தது. சிறுவர்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை. உடனே அதற்கு ‘வௌவால்’ என்று பெயரிட்டனர். அது உடைந்தபின் அதுபோன்ற வௌவால்களைத் தாமே செய்தனர். பருமனைக் கூட்டக் கூட்ட அது பறக்க மறுத்தது ஏன் என்று வியந்தனர். அளவை இருமடங்காக்கினால் விசையை எட்டு மடங்காக்க வேண்டும் என்னும் கணக்கு அப்போது அவர்களுக்குத் தெரியாது. அச்சிறுவர்களே வில்பரும் ஓவிலுமாகிய றைற் சகோதரர். 1903 டிசெம்பர் 17ஆம் நாள் உலகின் முதல் விமானத்தைப் பறக்கவிட்ட கைகள், அதற்கு 25 ஆண்டுகளுக்கு முன் ஒரு விளையாட்டுப் பொருளுக்குப் பெயரிட்ட கைகளே.

பறவையின் பெயரைத் தாங்கி மனிதனைச் சுமந்து எழுந்த பொறிகளுட் பழமையானது பிரான்சு தேசத்து மாலுமி ஒருவருடையது. ஜான் மரீ லெ பிரீ என்னும் அவர் பிரிட்டனிக் கரையைச் சேர்ந்தவர். தென்கடல்களிற் கப்பலோட்டிச் சென்ற காலத்தில் அல்பற்றோஸ் என்னும் பெருங்கடற் பறவையை அவர் கண்டார். சிறகை விரித்தால் 3 மீற்றருக்கும் மேலாக அகலும் அப்பறவை, மணிக்கணக்காகச் சிறகை அசைக்காமலே காற்றில் மிதந்து கப்பலைத் தொடர்ந்து வரும். அதனைக் கொல்லுதல் தீது என்று மாலுமிகளிடையே ஒரு நம்பிக்கை உண்டு. லெ பிரீயோ ஒன்றைப் பிடித்துக் கொன்று, அதன் சிறகைக் காற்றுக்கு எதிரே ஏந்திப் பார்த்தார். சிறகு அவருடைய கையை மீறி மேலும் முன்னுமாக இழுத்ததாம். பறவை தன் வலியால் மட்டும் பறக்கவில்லை, காற்றின் வலியையும் கடன் வாங்குகின்றது என்று அவர் தெளிந்தார்.

ஊர் திரும்பியதும், ஏறக்குறைய 15 மீற்றர் அகலமுள்ள சிறகோடு தோணி போன்ற ஓர் உடலை அமைத்து, அதற்குச் ‘செயற்கை அல்பற்றோஸ்’ என்று பெயரிட்டார். 1856ஆம் ஆண்டில், கடற்கரையிலே குதிரை பூட்டிய வண்டியொன்றின் மேல் அதனை வைத்து, தாம் அதனுள் ஏறி நின்று, எதிர்காற்றில் வண்டியை ஓடச் செய்தார். பொறி எழுந்தது. கயிற்றில் அகப்பட்ட வண்டிக்காரனும் உடன் எழுந்தான் என்றும், பட்டத்தின் வால்போலத் தொங்கினான் என்றும் அக்காலத்துச் செய்தி கூறும். பிறிதொரு முயற்சியில் லெ பிரீயின் கால் முறிந்தது. 1868இல் கடற்படையினரின் உதவியோடு இரண்டாவது அல்பற்றோஸ் செய்தார். அதன் ஒளிப்படம், பறக்கும் பொறியொன்றின் முதல் ஒளிப்படமாகக் கருதப்படுகின்றது. அதுவும் நொறுங்கிப்போயிற்று. அவரிடம் பணம் இல்லை. துணிவு மட்டுமே எஞ்சியது. 1872இல் அவர் இறந்தார். அவர் இட்ட பெயரோ இறக்கவில்லை. அது எங்கெங்கே சென்றது என்பதைப் பின்னே காணலாம்.

ஜேர்மனியில் ஒட்டோ லிலியந்தால் என்பவர் செங்கால் நாரையைத் தம் ஆசிரியராகக் கொண்டார். இளமையில் தம் ஊர்ப் புல்வெளிகளில் அப்பறவைகள் காற்றுக்கு எதிரே எழுவதைத் தம்பியோடு கண்டவர், அக்கல்வியின் பயனாகப் பறவையின் பறப்பைப்பற்றி 1889இல் ஒரு நூல் எழுதினார். அதற்குப் பின்னரே, 1891 முதல், சிறகு கட்டிக்கொண்டு குன்றுகளிலிருந்து இறங்கினார். ஏறக்குறைய 2,000 முறை அவர் இவ்வாறு மிதந்தார் என்பர். 1896 ஓகஸ்ட் 9ஆம் நாள் வீழ்ந்து, மறுநாள் மாண்டார்.

லிலியந்தாலிடம் நேரிற் சென்று கற்றவர் பேர்சி பில்ச்சர் என்னும் ஆங்கிலேயர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்திற் பணிபுரிந்த அவர், தம் பொறிகளுக்கு வரிசையாகப் பெயரிட்டார். 1895இல் முதலாவதாகச் செய்தது ‘வௌவால்’. அடுத்தது ‘வண்டு’, அது பாரம் மிகுந்ததாய்ப் பயன்படாது போயிற்று. மூன்றாவது ‘கடற்காகம்’, அகன்ற சிறகுடைய அது, அமைதியான காற்றுக்கே ஏற்றது. நான்காவது 1896இல் எழுந்த ‘வல்லூறு’. நான்கிலும் சிறந்தது அதுவே. சிறகுத் துணிகளைத் தைத்தவர் அவருடைய தமக்கையார் எல்லா. 1897இல் வல்லூறு 200 மீற்றருக்கு மேற்பட்ட தூரம் பறந்தது. அக்காலத்தில் அது பெருஞ்சாதனை.

பின்னர் பில்ச்சர் எண்ணெயால் இயங்கும் எஞ்சினொன்றைச் செய்து, மூவடுக்குச் சிறகுடைய பொறியொன்றில் அதனைப் பொருத்த முயன்றார். 1899 செப்டெம்பர் 30ஆம் நாள், ஸ்ரான்போர்ட் மாளிகைத் திடலில், பொருளுதவி செய்யக்கூடிய பெரியோர் முன்னிலையில் அதனைப் பறக்கவிட ஏற்பாடாயிற்று. ஆனால், அதற்குச் சற்று முன்னரே எஞ்சினின் சுழல்தண்டு முறிந்துவிட்டது. வந்திருந்தோரை வெறுங்கையோடு அனுப்ப விரும்பாத பில்ச்சர், மழையில் நனைந்திருந்த பழைய வல்லூற்றையே எடுத்து ஏறினார். வாலைத் தாங்கிய கோல் காற்றில் முறிந்தது. ஏறக்குறைய 10 மீற்றர் உயரத்திலிருந்து வீழ்ந்த அவர், இரண்டு நாட்களின் பின் 32 வயதில் உயிர்நீத்தார். மூவடுக்குப் பொறி ஒருபோதும் எழவில்லை. 2003ஆம் ஆண்டில் அவருடைய திட்டத்தைத் தழுவி ஒரு பொறி செய்து பார்த்தனர். அது ஒரு நிமிடத்துக்கும் மேலாகப் பறந்தது. வீழ்ந்த வல்லூறு செப்பனிடப்பட்டு ஸ்கொத்லாந்து அருங்காட்சியகத்தின் உடைமையாய் இருக்கின்றது.

இவர்கள் காலத்துப் பறவைப் பெயர்களில் ஒரு பொதுப்பண்பு காணப்படுகின்றது. அவை பெருமைக்காக இடப்பட்டவை அல்ல. மாணவன் தன் ஆசிரியரின் பெயரைச் சொல்வதுபோல, கற்றுக்கொடுத்த பறவைக்குச் செலுத்திய நன்றியே அப்பெயர். உயிருக்கு வந்த கேடும் பிறருக்கன்று, பெயரிட்டவருக்கே வந்தது.

சில வேளைகளிற் பெயரை ஆக்கியவன் ஒன்று நினைக்க, பார்த்த மக்கள் வேறொன்று நினைப்பதும் உண்டு. பிரேசில் நாட்டவராகிய சந்தோஸ் டூமோன், 1906 ஒக்டோபர் 23ஆம் நாள் பாரிஸ் நகரில் 60 மீற்றரும், நவம்பர் 12ஆம் நாள் 220 மீற்றரும் பறந்தார். அவருடைய விமானத்துக்கு ‘இரை கவரும் பறவை’ என்று வீரப்பெயர் ஒன்று வழங்கியது. ஆனால், அதன் வாலுக்குரிய பகுதி முன்னே நீண்டிருந்தமையால், கழுத்தை நீட்டிப் பறக்கும் தாராவைப்போல அது தோன்றியது. வீரப்பெயர் மறைந்தது, தாராவே நிலைத்தது. இன்றும் கிடைச்சிறகை முன்னே உடைய விமான அமைப்புக்குத் தாரா என்று பொருள்படும் ‘கனார்’ என்னும் பிரெஞ்சுப் பெயரே வழங்குகின்றது. மாதிரி விமானம் செய்வோர் அப்பெயரை நன்கு அறிவர்.

இனிப் புறாவின் கதையைக் கேட்கலாம். ஒஸ்திரிய நாட்டு இகோ எட்ரிக் என்பவர், யாவாத் தீவு முதலிய இடங்களில் வளரும் கொடியொன்றின் விதையை ஆராய்ந்தார். கண்ணாடிபோல் மெல்லிய இரு சிறகுகளை உடைய அவ்விதை, உயர்ந்த மரத்திலிருந்து உதிரும்போது வட்டமிட்டு மெல்ல மிதந்து வரும். அதன் வடிவத்தைத் தழுவி அவர் செய்த விமானம் 1910ஆம் ஆண்டளவில் வானில் எழுந்தபோது, பின்வளைந்த சிறகும் விசிறிபோன்ற வாலும் கண்டோருக்குப் புறாவை நினைவூட்டின. ‘தாவுபே’ என்று அதற்குப் பெயர். ஜேர்மன் மொழியில் அதன் பொருள் புறா. சாந்தமான பறப்பும் சாந்தமான பெயரும் அதற்கு வாய்த்தன.

1911 நவம்பர் 1ஆம் நாள், இத்தாலியர் லிபியாவிற் போர் செய்துகொண்டிருந்த வேளையில், ஜூலியோ கவோற்றி என்னும் படையதிகாரி ஒரு தாவுபேயில் ஏறிப் பறந்தார். தோற்பையில் நான்கு சிறு குண்டுகள் இருந்தன. அயின் சாரா என்னும் பாலைவனச் சோலைக்கு மேலே வந்ததும், ஒரு கையால் விமானத்தைச் செலுத்திக்கொண்டு மறு கையாற் குண்டை எடுத்துக் கீழே எறிந்தார். விமானத்திலிருந்து எறியப்பட்ட முதற் குண்டு அதுவே. மூன்று ஆண்டுகள் கழிந்து, 1914 ஓகஸ்ட் மாதத்தில், பாரிஸ் நகரின் மீது குண்டெறிய வந்ததும் ஒரு தாவுபேயே. அமைதிக்கு அடையாளமாக உலகம் போற்றிய பறவையின் பெயரே, வானத்திலிருந்து வந்த முதற் சாவின் பெயராயிற்று. விதையிலிருந்து வடிவத்தைக் கற்றவரும் பெயரை வழங்கியவரும் இதனை நினைத்திருக்கமாட்டார்கள்.

மாலுமியின் அல்பற்றோசுக்கும் அக்கதியே நேர்ந்தது. 1909இல் பேர்லின் நகருக்கு அண்மையில் அப்பெயரோடு ஒரு விமானத் தொழிற்சாலை எழுந்தது. முதலாம் உலக யுத்தத்தில் அங்குப் பிறந்த அல்பற்றோஸ் போர்விமானங்கள், 1917 ஏப்ரில் மாதத்தில் பிரித்தானியருடைய விமானங்களுள் 200க்கு மேற்பட்டவை அழிவதற்குப் பெருங்காரணமாயின. அம்மாதத்தைப் பிரித்தானிய விமானிகள் இரத்த ஏப்ரில் என்றே குறிப்பிட்டனர். காற்றைக் கடன் வாங்கி மிதக்கக் கற்றுக்கொடுத்த பறவையின் பெயர், பல இளைஞருடைய தாய்மாருக்கு அச்சந்தரும் பெயராயிற்று.

அதன்பின் படைத்துறையினர் பறவைகளின் பட்டியலைத் தேடித்தேடி எடுத்தனர். பிரித்தானிய றோல்ஸ் றோய்ஸ் தொழிற்சாலை தன் எஞ்சின்களுக்கு இரைகொல்லும் பறவைகளின் பெயர்களை வைத்தது. அவற்றுட் புகழ்பெற்ற ‘மெர்லின்’ என்பது பழங்கதையில் வரும் மந்திரவாதியின் பெயர் என்று பலர் எண்ணுவர். உண்மையில் அது சிறிய வல்லூற்றினம் ஒன்றின் பெயர். அந்தப் பறவைப் பெயர்கள் இலங்கையின் வானத்தையும் எட்டின. 1942 ஏப்ரில் 5ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று காலையில், யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அவற்றை எதிர்த்து எழுந்தவை ஹறிக்கேன் விமானங்களும் ‘புல்மார்’ விமானங்களும். இரண்டினுள்ளும் மெர்லின் எஞ்சினே ஓடியது. புல்மார் என்பது வடகடற் பறவையொன்றின் பெயர். பறவை நூலார் வகுத்த முறையின்படி அது அல்பற்றோசுக்கு உறவுப் பறவை. குளிர்ந்த கடலின் மேல் மிதக்கும் பறவையின் பெயரைத் தாங்கிய விமானங்கள், வெப்பம் மிகுந்த இத்தீவின் வானில் போரிட்டு வீழ்ந்தன.

ஒரு பெயர் ஒருமுறை கறைபட்டால் அது என்றென்றும் கறைபட்டதுதானா? வரலாறு அவ்வாறு கூறவில்லை. முதலாம் யுத்தத்துக்கும் இரண்டாம் யுத்தத்துக்கும் இடையே, 1937 மே மாதத்தில், இங்கிலாந்தின் டி ஹாவிலன்ட் தொழிற்சாலையிலிருந்து புதிய அல்பற்றோஸ் ஒன்று எழுந்தது. இம்முறை அது கடிதங்களையும் பயணிகளையும் சுமக்கும் விமானம். நான்கு எஞ்சின்களையுடைய அதன் அழகிய உடல் மரத்தால் ஆகியது. இரண்டு ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே பால்சா மரத்தை வைத்து அழுத்திச் செய்யப்பட்டது. சிறுவர் மாதிரி விமானம் செய்யும் அதே பால்சா, மனிதரைச் சுமந்து கடல் கடக்கும் விமானத்துக்கும் உடலாயிற்று. ஆனால், ஏழு விமானங்களே செய்யப்பட்டன. யுத்தம் வந்தது, விபத்திலும் தாக்குதலிலும் சில அழிந்தன, எஞ்சியவை 1943இற் பிரிக்கப்பட்டன. அந்த மரவேலை முறையோ ‘மொஸ்கிற்ரோ’ என்னும் போர்விமானத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

புறாவுக்கும் மறுபிறப்பு உண்டாயிற்று. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சில வாரங்களுள், 1945 செப்டெம்பர் 25ஆம் நாள், அதே டி ஹாவிலன்ட் தொழிற்சாலையின் ‘டவ்’ என்னும் சிறு பயணிகள் விமானம் முதன்முறையாகப் பறந்தது. டவ் என்றாலும் புறாவே. அதன் பின் வந்த பெரிய வடிவத்துக்கு ‘ஹெறன்’ என்று பெயர். அது கொக்கின் இனம். இவ்விரண்டும் 1950களில் இலங்கை விமானப்படையிலும் பணிபுரிந்தன. இரத்மலானை வானத்தை அண்ணாந்து நோக்கிய அக்காலத்துச் சிறுவர், குண்டெறியாத புறாவைக் கண்டனர்.

அல்பற்றோஸ் என்னும் பெயர் தன் பழைய தூய்மையை முழுவதும் மீட்டுக்கொண்டதோ 1979ஆம் ஆண்டில். அதனை மீட்டவர் மாதிரி விமானம் செய்து வளர்ந்த ஒருவர். அமெரிக்கராகிய போல் மக்கிரெடி இளமையில் மாதிரி விமானப் போட்டிகளிற் பரிசு பெற்றவர். மனிதன் தன் தசைவலியால் மட்டுமே பறக்க வல்ல விமானத்துக்கு இங்கிலாந்தில் கிரெமர் என்பவர் பெரும்பரிசொன்றை அறிவித்திருந்தார். நீண்ட காலம் அதனை எவரும் பெறவில்லை. 1976ஆம் ஆண்டில் விடுமுறைப் பயணத்தின்போது, வட்டமிடும் பறவைகளை நோக்கிக்கொண்டிருந்த மக்கிரெடி, சிறகின் பரப்புக்கும் பறப்புக்கு வேண்டிய வலிக்கும் உள்ள கணக்கை எண்ணினார். பாரத்தைக் கூட்டாமற் சிறகை மட்டும் மிகப் பெரிதாக்கினால், மனிதனின் சிறு வலியே போதுமாகும் என்று தெளிந்தார். பெரிதாக்கிய வௌவால் பறக்க மறுத்தபோது றைற் சிறுவர்கள் கண்டு மயங்கிய அதே கணக்கின் மறுபக்கம் இது.

முதலில் அவர் செய்தது ‘கொஸமர் கொண்டோர்’. கொண்டோர் அமெரிக்க மலைகளின் பெருங்கழுகு. கொஸமர் என்பது காற்றில் மிதக்கும் சிலந்தி நூல். பிறைன் அலன் என்னும் இளைஞர் மிதித்து ஓட்ட, 1977 ஓகஸ்ட் 23ஆம் நாள் அது எட்டு வடிவப் பாதையிற் பறந்து 50,000 பவுண் பரிசைப் பெற்றது. அடுத்தது ‘கொஸமர் அல்பற்றோஸ்’. அதன் சிறகு ஏறக்குறைய 30 மீற்றர் அகலம். அதன் பாரமோ 32 கிலோகிராம் மட்டுமே. 1979 யூன் 12ஆம் நாள் காலை, அலன் இங்கிலாந்துக் கரையிலிருந்து மிதித்துப் புறப்பட்டார். எதிர்காற்று எழுந்தது, குடிநீர் தீர்ந்தது, கால்கள் சோர்ந்தன. முயற்சியைக் கைவிடுவதாக முடிவு செய்து, படகிலிருந்தவர்கள் கயிறு மாட்டுவதற்கு வசதியாகச் சற்று மேலே எழுந்தார். மேலே காற்று அமைதியாயிருந்தது. கயிற்றை மறுத்து மேலும் மிதித்தார். 2 மணி 49 நிமிடங்களில், 35 கிலோமீற்றருக்கு மேற்பட்ட கடலைக் கடந்து பிரான்சின் மணலில் இறங்கினார். அதற்குரிய பரிசு 100,000 பவுண். எண்ணெயுமில்லை, நீராவியுமில்லை; எவருக்கும் தீங்குமில்லை. கடற்காற்றைக் கற்ற பிரெஞ்சு மாலுமியின் பெயர், 123 ஆண்டுகளின் பின், அவருடைய நாட்டின் கரையிலேயே வந்து இறங்கியது.

இந்த வரலாறு முழுவதிலும் ஒன்று தெளிவாகின்றது. மாதிரி விமானம் பெரிய விமானத்தின் பிள்ளையன்று. உண்மையில் அதுவே தாய். கெய்லியின் சிறு மாதிரியும் பெனோவின் இறப்பர் பொறியும் முன்னே சென்றன. மனிதரைச் சுமந்த பொறிகள் பின்னே வந்தன. ஆகவே, மாதிரி விமானத்தின் பக்கத்தில் எழுதப்படும் பெயரை வெறும் விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது.

பெயரைத் தேர்வதிற் பொருத்தமும் பார்க்கலாம். எஞ்சினின்றி மிதக்கும் மாதிரிக்குக் கடற்காகமோ வல்லூறோ பொருந்தும். அது பில்ச்சருக்கும் தைத்துக்கொடுத்த தமக்கையாருக்கும் செலுத்தும் அஞ்சலியாகும். கிடைச்சிறகு முன்னே நீண்ட மாதிரிக்குத் தாரா என்றே எழுதலாம். சந்தோஸ் டூமோன் கோபித்துக்கொள்ளமாட்டார். நீண்ட மெல்லிய சிறகுடையதற்கு அல்பற்றோஸ் ஏற்கும். புறா என்று எழுத விரும்புபவன், அப்பெயர் சென்ற இரண்டு வழிகளையும் அறிந்து எழுதட்டும். போரிற் புகழ்பெற்ற பெயர்களையே நாடுவோரும் உளர். அவற்றை விலக்க வேண்டியதில்லை. ஆயினும் அப்பெயர் எத்தனை வீடுகளில் விளக்கை அணைத்தது என்பதையும் உடன் நினைத்தல் நன்று.

பெயர் பொறியைப் பறக்கச் செய்யாது. சிறகின் வளைவும், பாரத்தின் சமநிலையும், நாடாவின் முறுக்குமே அதனைப் பறக்கச் செய்யும். ஆனால், எதற்காகப் பறக்கின்றோம் என்பதைப் பெயர் நினைவூட்டும். மயிற்பொறி எழுந்தது ஒரு தாயையும் அவள் வயிற்றுச் சிசுவையும் காப்பதற்கு. பின்வந்தோர் அதனை மறந்த காலமும் உண்டு. நினைத்த காலமும் உண்டு. தூரிகையோடு நிற்கும் சிறுவன் அந்த மயிலின் பெயரையே எழுதினாலும் தவறில்லை. எழுதியபின் அவன் வெளியே வந்து, காற்று வரும் திசையை நோக்கி, நாடாவை முறுக்கிக் கையை விரிப்பான். அப்போது அவனுடைய கையிலிருந்து எழுவது பால்சாவும் தாளும் மட்டுமன்று. கடற்கரையிலும் குன்றிலும் கற்ற மனிதர் பலருடைய ஆசையும் அதனோடு எழுகின்றது.